அத்தைக்கு வராத நோய்

இந்தக் குடும்ப நினைவு மலரை வாங்கியதும் முதலில் அட்டைப் படத்தைப் பார்ப்பீர்கள். அப்புறம் உங்கள் பெயர் எங்காவது வந்திருக்கிறதா என்று புரட்டுவீர்கள். அப்புறம் அலமாரி மேல் வைத்துவிடுவீர்கள். நானும் அப்படிச் செய்கிறவன்தான், அதனால் குறை சொல்லவில்லை. இந்த ஒரு கட்டுரையை மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள். நான் சாத்தாங்காட்டில் இரும்பு வெட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. சுற்றி வளைத்துப் பேசவும் தெரியாது.

விஷயம் இதுதான். எங்கள் அத்தைக்கு, அதாவது என் அப்பாவின் அக்காவுக்கு, இளவயதில் காசநோய் இருந்தது என்று நம் குடும்பத்தில் எல்லோரும் நம்புகிறோம். அதனால்தான் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றும் சொல்லிக்கொள்கிறோம். அத்தைக்கு அந்த நோய் வந்ததே இல்லை. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிற இந்த நேரத்தில் அதை அச்சில் போட வேண்டும் என்று சொன்னவர் என் அம்மா. அம்மா ஏன் சொன்னார் என்பது படித்தால் தெரியும்.

அத்தை பிறந்தது ராயபுரத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு சந்தில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வீட்டில் அத்தை மூத்தவர், என் அப்பா அடுத்தவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் அத்தை கடைசி வகுப்பு வரைக்கும் படித்தார். அந்தச் சந்தில் அவ்வளவு படித்த முதல் பெண் அவர்தான் என்பார்கள். படிப்பு முடிந்ததும் மாநகராட்சியின் காசநோய்த் தடுப்பு வேலையில் சேர்ந்தார். தொண்டு செய்யவே பிறந்தவர் என்று எழுதச் சொன்னார்கள். எழுதமாட்டேன். வேலை கிடைத்தது, போனார். அத்தையே அப்படித்தான் சொல்வார்: “வேற எவனாவது கூப்டிருந்தா அங்க போயிருப்பேன்டா.”

ஐம்பதுகளின் கடைசி அது. அந்தக் காலத்தை நான் பார்த்ததில்லை, நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் வேலை முடிந்து சட்டையெல்லாம் இரும்புத் தூளோடு பஸ்ஸில் சாய்ந்தால், கண் செருகும்போது அத்தை வந்துவிடுகிறார். விடிந்தும் விடியாத நேரம். கடலிலிருந்து வரும் பனி சந்துகளில் வெள்ளையாகத் தவழ்கிறது. கருவாட்டு வாசனை. துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதுகிறது. பனிக்குள் முதலில் ஒரு சத்தம் வருகிறது, டப்பிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அப்புறம் வெள்ளைச் சேலை. அப்புறம்தான் அத்தையின் முகம். இடுப்பில் ஒரு மரப்பெட்டியை அணைத்துக்கொண்டு, தரையில் கால் படாதவர் மாதிரி வருகிறார். கண்டக்டர் தட்டி எழுப்பினால் எண்ணூர் வந்திருக்கும்.

பெட்டியில் இருந்தவை மூடி போட்ட சின்ன டப்பிகள். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து வரும் கோழையில்தான் கிருமி நன்றாகத் தெரியும். அதனால் அத்தை விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு டப்பி கொடுத்து, அதில் துப்பச் சொல்லி வாங்கிவந்து, பரிசோதனை செய்யும் இடத்தில் கொடுக்க வேண்டும். கேட்க எளிது. எவன் துப்புவான்?

“இன்னா நர்சம்மா, கவர்மெண்டு நம்ப எச்சிய வாங்கினு போயி இன்னா பண்ணுது? விக்குதா?” என்று சந்து முனையில் நிற்கிறவன் கேட்பானாம்.

“ஆமா, ஏலத்துல வுடுது. உன்னுத ஒருத்தனும் கேக்கல. நல்லா காறித் துப்பு, வெல ஏறும்.”

அத்தை நர்ஸ் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் நர்சம்மா. பின்னால் பேசும்போது எச்சிக்காரி.

டப்பியைக் கொடுத்துவிட்டு அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது. வீட்டிலேயே திடமாக இருக்கிற ஒருவன் எல்லா டப்பியிலும் துப்பி வைத்துவிடுவான். நோய் இருக்கிறது என்று தெரிந்தால் துறைமுகத்தில் வேலை போகும். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்வான். பெண் பார்க்க வந்தவன் திரும்பிப் போவான். சயரோகம் என்ற சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் ‘அந்த நோவு’ என்பார்கள். எதிரிலேயே துப்பச் சொன்னால், மாமனார் முன்னால் மருமகள் எப்படிக் காறுவாள்? வெட்கம்.

அதற்கு அத்தை ஒரு வழி செய்துகொண்டார். வீட்டுக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். தனக்கும் ஒரு டப்பி எடுப்பார். எல்லோருக்கும் முன்னால் அவரே பலமாக இருமி, காறி, அதில் துப்பி மூடுவார். அவர் செய்கிற சத்தத்தைக் கேட்டு வீடே சிரித்துவிடும். சிரித்த வாயோடு இருமலும் வரும். ஒவ்வொருவராகத் துப்பிவிடுவார்கள். மூடிகளின் மேல் அத்தை மெழுகுப் பென்சிலால் பெயர் எழுதுவார். தன் டப்பியின் மூடியில் தன் பெயரும் அந்த வீட்டு நம்பரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அத்தை தன் டப்பியையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவார். மைக்ராஸ்கோப் பார்க்கிறவருக்கு அது எரிச்சல்.

“உன்னுத எதுக்கும்மா கொண்டாந்து என் வேலைய இழுக்கற? வழியில கொட்டிட்டு வா.”

“நானுந்தான் குடுக்கறேன்னு சொல்லி அவங்கள துப்ப வெச்சேன் சார். கொட்டிட்டா அது நாடகம்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பாராம். ஒரு நாள் அத்தையையும் கூப்பிட்டுக் குழாயில் கண் வைக்கச் சொன்னார். சாயம் ஏற்றின கண்ணாடியில் எல்லாம் நீலமாக இருந்தது என்று அத்தை எங்களுக்குச் சொல்வார். “கடலாட்டம் நீலம்டா. அதுல அங்கங்க சன்னமா செவப்புக் குச்சி. அசையாம மெதக்குது. பாக்க அவ்ளோ அழகு. அது ஒரு ஆளோட நெஞ்சுன்னு அப்புறந்தான் ஒறைச்சுது.” சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டு நான் காசிமேட்டுக் கரையில் நின்று அலையில் சிவப்புக் குச்சி தேடியிருக்கிறேன்.

அப்போது என் அப்பாவுக்குப் பெண் நிச்சயமானது. பெண் என் அம்மா. அவர் வீடு அத்தை வேலைக்குப் போகிற தெருவிலேயே இருந்தது. அம்மாவின் தகப்பனார் இறந்துபோயிருந்தார். வீட்டில் அம்மா, அவருடைய தாயார், அண்ணன் என்று மூன்று பேர்தான். அண்ணன், அதாவது என் மாமா, துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கிப் பிரித்து அடுக்குகிற வேலை பார்த்தார். நிச்சயம் ஆன கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், காலையில் இருமல். மாமா பயந்துபோனார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தத் தெருவின் முறை வந்தபோது அத்தை அந்த வீட்டுக்கும் போனார். சம்பந்தி வீடு என்று விட்டுவிட முடியுமா? வழக்கம்போல உட்கார்ந்து முதலில் தான் துப்பினார். மூன்று பேரும் துப்பினார்கள். நான்கு டப்பிகள், பெயர் எழுதின நான்கு மூடிகள், ஒரு பலகை மேல் இருந்தன. அத்தை கை கழுவக் குழாயடிக்குப் போனார். அந்த இடைவெளியில் மாமா தங்கச்சியின் டப்பி மூடியையும் அத்தையின் டப்பி மூடியையும் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டார்.

தன் மூடியோடு மாற்றினால் தன் வேலை போகும். தாயாருடையதோடு மாற்ற மனம் வரவில்லை. அத்தையின் டப்பிதான் யாருக்கும் கெடுதல் இல்லாதது என்று அவருக்குத் தோன்றியது. எச்சிக்காரி சும்மா வேடிக்கைக்குத்தானே துப்புகிறாள், தெருமுனையில் போய்க் கொட்டிவிடுவாள் என்று நினைத்தார். அந்த டப்பியும் பரிசோதனைக்குப் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அந்தச் சந்தில் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

முடிவு வந்தது. அத்தையின் பெயர் எழுதின டப்பியில் கிருமி.

அதைச் சொல்ல வந்தவர் ஆஸ்பத்திரி ஆயா. நல்ல மனுஷிதான், ஆனால் வாயை மூடத் தெரியாதவர். அத்தை தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது வந்து, “எம்மா, நீ இங்கியா கீற? உன் எச்சில பூச்சி கீதாமே! டாக்டரு ஒடனே கூப்டாரு!” என்று கத்தினார். குழாயடியில் சொன்னால் ராயபுரம் முழுக்கச் சொன்ன மாதிரி. குடத்தோடு நின்றவர்கள் எல்லாம் ஒரு அடி தள்ளி நின்றார்களாம். அத்தையின் முறை வருவதற்குள் குழாயைச் சுற்றி யாருமே இல்லை. “ராணி மாதிரி ஒண்டியா தண்ணி புடிச்சேன்” என்பார் அத்தை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. திரும்பத் துப்பச் சொல்லிப் பார்த்தார்கள். அதுவும் சுத்தம். எங்கேயோ மாறியிருக்கும், விடு, போய் வேலையைப் பார் என்றார் டாக்டர். அத்தை விடவில்லை. தன்னுடையது இல்லையென்றால் அது வேறு யாருடையதோ. அந்த ஆள் தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். கிருமி தெரிந்த டப்பியின் மூடியில் இருந்தது எந்த வீட்டு நம்பர் என்று அத்தைக்குத் தெரியும். நேரே அம்மாவின் வீட்டுக்குப் போனார்.

இதை எனக்குச் சொன்னவர் அம்மா. போன வருஷம் ஒரே மூச்சில் சொன்னார். அப்போதிலிருந்து அந்த வீடு எனக்குத் தெரிந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. கதவு வழியாக வெயில் சாய்வாக விழுகிறது. வெயிலில் தூசி மிதக்கிறது. அத்தை வாசற்படியைத் தாண்டி உள்ளே வருகிறார். மாமா எழுந்து நிற்கிறார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“யாருது அது?” என்றார் அத்தை.

மாமா சுவரைப் பார்த்தார். “எது?”

“என் மூடிக்குக் கீழ இருந்தது. யாருது?”

அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. அப்போது பார்த்து அவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த இருமல்தான் பதில். மாமா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ கொட்டிடுவேன்னு நெனச்சேன் நர்சம்மா. சத்தியமா. ஆர்பர்ல பொட்டி மேல இன்னா எழுதிக்கீதோ அதான் சரக்கு. உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கறான்?”

“இங்க உள்ள இன்னா கீதுன்னுதான் பாப்பாங்க. அதான் வேலையே.”

“அப்பன் இல்லாத பொண்ணு. கல்யாணம் நின்னுபோச்சின்னா…”

“செத்துட்டா கல்யாணம் நடக்குமா?”

அத்தை அம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் தாயார் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் அத்தை சொன்னது இது: “ஊசி போடணும், மாத்திர துன்னணும், ஒரு வருசம் வுடாம வரணும். வந்தா பொழைச்சிக்குவே. ஆஸ்பத்திரில உன் பேர்லதான் நடக்கும், அங்க பொய் சொல்லக் கூடாது. தெருவுக்கு மட்டும் அந்த நோவு என்னுதாவே இருக்கட்டும். எம் பேரு குழாயடில ஏற்கெனவே நாறிப்போச்சி. எனக்குத் தொணையா நீ வர்றேன்னு சொல்லு.”

மாமா அத்தையின் காலைத் தொடப் போனார். “எந்திரிங்க, கலீஜா கீது தர” என்றாராம் அத்தை.

என் அப்பாவை ஏமாற்றிக் கட்டிவைத்தார் என்று யாரும் நினைக்கக் கூடாது. தம்பியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். வேண்டாம் என்றால் இப்போதே சொல், வேறு காரணம் காட்டி நிறுத்துகிறேன் என்றும் சொன்னார். அப்பா, “ஒரு வருசம் காத்துகினு இருந்தா நான் இன்னா தேஞ்சா பூடுவேன்? அவ ஊசிக்கு பயப்படுவாக்கா, நீ கூட இரு” என்றார். அப்பா அவ்வளவுதான் பேசுவார். இதைத் தெரிந்தவர்கள் அத்தை, அப்பா, அம்மா, மாமா, அம்மாவின் தாயார். அத்தையும் அப்பாவும் தாத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்று ஊர் கேட்டால், மூத்தவளுக்கு உடம்பு சரியில்லை என்று பதில்.

அதே வாரம் அத்தைக்கே தண்டையார்பேட்டையிலிருந்து பேசிக்கொண்டிருந்த இடம் கைவிட்டுப் போனது. தரகர் வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. எக்ஸ்ரே சுத்தம் என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் யாருக்கு என்ற கேள்வி வரும். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. மாமா மேல், தரகர் மேல், அந்த மாப்பிள்ளை மேல், சில சமயம் அத்தை மேலேயும்.

அந்த ஒரு வருஷமும், ஆயா இல்லாத வேறு ஆஸ்பத்திரிக்கு, அவர்கள் இருவரும் நடந்தே போவார்கள். ஊசி போட்ட இடம் வலிக்கும் என்பதால் அம்மா மெதுவாகத்தான் நடப்பார். மாத்திரை வயிற்றைப் புரட்டும். வழியில் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுப்பார். யாராவது தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இரண்டு முறை இருமுவார். பார்க்கிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். போனதும் இருவரும் சிரிப்பார்கள். திரும்பும்போது கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் உட்காருவார்களாம். கப்பல்கள் தூரத்தில் அசையாமல் நிற்கும். சில நாள் பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகி, கப்பல்கள் ஆகாயத்தில் தொங்கும். வலியெல்லாம் தூக்கத்தில் நடக்கிற மாதிரி மறந்துபோகும் என்றார் அம்மா. “என் வாழ்க்கையிலேயே நல்ல வருசம் அதான்டா. வாய்ல கசப்பு, ஒடம்புல வலி. ஆனா நல்ல வருசம்.”

தெரு என்ன சொன்னது தெரியுமா? நோயாளி நாத்தனாரை முகம் சுளிக்காமல் கூட்டிப்போகும் தங்கமான பெண் என்று என் அம்மாவைப் புகழ்ந்தது. தாத்தாவுக்கே கண் கலங்கியது. கல்யாணப் பூசையில் பங்குத் தந்தை இதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். மணப்பெண் தலை குனிந்து அழுதார். வெட்கத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவின் நோய் அப்போது முழுக்கக் குணமாகியிருந்தது. அத்தை கோயிலின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வேலையை அத்தை விடவில்லை. “டிபிக்காரியே டிபி பாக்க வந்துட்டாடி” என்று சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அத்தை அதையும் ஒரு வழியாக்கிக்கொண்டார். நோய் கண்டு அழுகிறவர்களிடம், “எனக்கும் வந்துச்சின்னு உனக்குத் தெரியுந்தான? என்னப் பாரு. செத்தா பூட்டேன்? கல்லாட்டம் கீறேன். ஊசிக்கு வா” என்பார். அது பொய். அந்தப் பொய்யைக் கேட்டு எத்தனையோ பேர் ஊசிக்கு வந்தார்கள். வியாசர்பாடிக்கு மாற்றலாகிப் போன பிறகும் இதையே சொன்னார். எம்.கே.பி. நகரில் இப்போதும் ஒரு பெரியவர், “உங்கத்த தன் நோவக் காட்டித்தான் என்ன பொழைக்க வெச்சுது” என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

நம் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று தாத்தா வீட்டில் எல்லோரும் கூடுவோம். அத்தைக்கு மட்டும் தனித் தட்டு, தனி டம்ளர். அது கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கப்படும். பச்சைக் குழந்தையை அவர் கையில் கொடுக்கமாட்டார்கள். இதைச் செய்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்றைக்கு இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அடுப்படிக்குப் போய் அழுவார். அத்தை பின்னாலேயே போய் ஏதோ அதட்டுவார். அம்மாவுக்கு இரக்க மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா பல முறை கேட்டிருக்கிறார். என் அக்காமார்கள் பிறந்ததும் கேட்டார். “இப்ப சொன்னா உன் பசங்கள எவ தூக்குவா?” என்றார் அத்தை. அக்காமார்கள் வளர்ந்ததும் கேட்டார். “பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆவட்டும்.” கல்யாணங்கள் ஆனதும் கேட்டார். “இனிமே சொல்லி இன்னா ஆவப் போவுது? பேஜாரு பண்ணாத.” சொல்லக் கூடாது என்று அப்பா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பா போன பிறகு தன் தலையில் அடித்து வாங்கினார்.

எங்களை அத்தைதான் பாதி வளர்த்தார். எங்கள் வீட்டில் தனித் தட்டு இல்லை. அவர் வாயில் வைத்த சோற்றைப் பிடுங்கித் தின்றவன் நான். அப்பாவும் அம்மாவும் அதைத் தடுத்ததே இல்லை. ஓய்வு பெற்ற பின் திருவொற்றியூரில் எங்களோடு இருந்தார், அப்புறம் எண்ணூரில். அவர் கோபக்காரர், கஞ்சி ஆறிப்போனால் தட்டைத் தள்ளிவிடுவார். கணக்கில் கெட்டி, பாட்டில் மகா மோசம், ஆனால் பாடுவார். ஜன்னல் கம்பியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிவதைப் பார்த்து, “நெஞ்சுல பூச்சி போயி சாம்பலு வந்துச்சி” என்று சொல்லிக்கொண்டே துடைப்பார்.

கடைசி மாதத்தில் காலமெல்லாம் அவருக்குக் கலந்துபோயிற்று. கண்ணை மூடியபடியே சந்து சந்தாகப் போய்க்கொண்டிருந்தார். “கதவத் தட்டு, இந்த வூட்டுல நாலு பேரு” என்பார். “பாத்து வா, ஈரமா கீது” என்பார். என்னை யாரென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு, “காறித் துப்பு கண்ணு, வெக்கப்படாத, நான் மொதல்ல துப்பறேன் பாரு” என்றார். மூச்சு இழுக்கும் நேரத்தில் அப்படி ஒரு கனிவு அந்தக் குரலில். கடற்காற்று திரும்புகிற ஒரு மத்தியான வேளையில் போய்விட்டார். அம்மா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். போனது தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அடக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தோம். நம் உறவில் ஒரு பெண் தன் மகளைப் பின்னால் இழுத்தார். பெயர் வேண்டாம். “கிட்ட போவாதடி. அவங்களுக்கு டிபி இருந்துச்சி. தூரமா நின்னு கும்புட்டுக்கோ” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மாவுக்குக் காது மந்தம். எப்படியோ அது மட்டும் கேட்டுவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னாடி சொன்னே?”

“ஒன்னியும் இல்ல பெரிம்மா…”

“அந்த நோவு என்னுதுடி.”

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் போய் அம்மாவின் தோளைப் பிடித்தேன், துக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று. என் கையைத் தட்டிவிட்டார்.

“என்னுது. எனக்குத்தான் டிபி. இவங்களுக்கு ஒரு மயிரும் இல்ல. ஒரு வருசம் ஊசி போட்டுகினது நானு. பேரு மட்டும் இவங்களுது. உயிரோட கீற வரிக்கும் சொல்லாதன்னாங்க. இப்போ சொல்றேன். இவங்க எந்திரிச்சி வந்து என்ன அடிக்கட்டும்.”

அம்மா பெட்டிமேல் குனிந்தார். நெற்றியில், கண்ணில், கன்னத்தில், மூடிய வாயில் முத்தம் கொடுத்தார். தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம், வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மேலே எழுதின எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். வெளியே துறைமுகச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அம்மாவின் குரல் எங்கிருந்தோ, இளம்பெண் குரல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் கோயில் வந்ததே எனக்குத் தெரியவில்லை.

அங்கே இருந்தவர்களிலேயே பாதிப் பேர், கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று பேசிக்கொண்டதாக அப்புறம் கேள்விப்பட்டோம். அதனால்தான் அச்சில் போடச் சொன்னார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்க மாமன ரொம்பத் திட்டிடாத. எனக்காகத்தான் பண்ணான்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை.

இனி நன்றி. கடைசி நாட்களில் வேளாவேளைக்கு வந்து அத்தையின் முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. காசு கேட்காமல் ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிவந்த சாத்தாங்காட்டுத் தோழர்களுக்கு நன்றி. ரம்ஜான் நோன்போடு நாள் முழுக்க எங்களோடு நின்ற வண்ணாரப்பேட்டை பாய் குடும்பத்துக்கு நன்றி. பூசை வைத்த பங்குத் தந்தைக்கும் பாடகர் குழுவுக்கும் நன்றி. அத்தை கையால் டப்பி வாங்கிய பழைய தெருக்காரர்கள், பெயர் தெரியாத நிறையப் பேர், பூவோடு வந்தார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆண்டு நினைவுப் பூசை முடிந்ததும் எண்ணூரில் எங்கள் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் வாருங்கள். அத்தையைத் தள்ளி வைத்தவர்களும் வாருங்கள், உங்களைத் தனியாக உட்கார வைக்கமாட்டோம். மீன் குழம்பை அம்மாதான் வைக்கிறார். இந்த வயதில் வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பயப்படாமல் சாப்பிடுங்கள். அந்த நோய் வந்த கை அதுதான். அறுபது வருஷமாக அந்தக் கையால்தான் நீங்கள் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.